நட்டின் மேல் சிவப்புக் கோடு

அச்சகத்தில் அவருக்குப் பெயர் 'புரூஃப்'. இருபது வருடமாகப் பிழை திருத்துகிறவர். ஒரு வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஊரெல்லாம் படித்தால், அதில் என்ன தப்பு ஒளிந்திருக்கிறது என்று அவர் தேடுவார். அந்தப் புத்தி அச்சகத்தோடு நிற்கவில்லை. பால் பாக்கெட் வாங்கினாலும் நாலு ஓரத்தையும் நசுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கொண்டுவருவார்.

அப்படிப்பட்டவரையே ஒரு திங்கட்கிழமை அவருடைய மோட்டார் சைக்கிள் கவிழ்க்கப் பார்த்தது. பதினெட்டு வருடத்து வண்டி. முன்னால் போன பேருந்து சட்டென்று நின்றது. இவர் முன் பிரேக்கை அழுத்தினார். பிடி எந்த எதிர்ப்பும் இல்லாமல் கைப்பிடியில் போய் ஒட்டிக்கொண்டது. வண்டி அதுபாட்டுக்கு ஓடியது. பின் பிரேக்கை மிதித்து, செருப்பைத் தரையில் தேய்த்து, ஒருவழியாக நின்றபோது பேருந்துக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. பின்கண்ணாடி வழியாக ஒரு குழந்தை கையாட்டியது. பதிலுக்கு ஆட்ட அவருக்குக் கை எழவில்லை.

வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக் குனிந்து, முன் சக்கரத்தில் கேபிள் வந்து முடிகிற இடத்தில் இருந்த நட்டைத் திருகினார். அரைச் சுற்றுக்கு ஒரு தரம் 'டக்'கென்று சத்தம் கேட்டது.

"இந்த நட்டுக்கு அடியில பள்ளம் இருக்கு சார். ஒவ்வொரு அரைச் சுத்துக்கும் உக்காந்துக்கும். தானாக் கழலாது."

"அப்புறம் எப்படிக் கழண்டுச்சு?"

"யாராச்சும் கை வெச்சிருப்பாங்க."

அவர் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். புரூஃப்புக்கு அன்றைக்கு அச்சகத்தில் ஒரு பக்கம்கூட ஓடவில்லை.

நாலு நாள் கழித்துப் பிரேக் மறுபடியும் தொளதொளத்தது. இந்தத் தடவை அவரே இறுக்கினார். இறுக்கிவிட்டு, அச்சகத்திலிருந்து கொண்டுவந்த சிவப்பு மையால் நட்டின் மேலும் அதை ஒட்டிய கம்பியின் மேலும் சேர்த்து ஒரே கோடாக இழுத்தார். நட்டு அசைந்தால் கோடு உடையும். இரண்டு நாள் கோடு அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் காலையில் குனிந்து பார்த்தார். நட்டு இரண்டு சுற்று பின்னால் வந்திருந்தது. அதன் மேலிருந்த பாதிக் கோடு நேராகத்தான் இருந்தது. கம்பியில் இருந்த மீதிக் கோடுதான் கொஞ்சம் தள்ளி அநாதையாக நின்றது. மை உலர்ந்த பிறகுதான் யாரோ திருகியிருக்க வேண்டும்.

வண்டி நிற்பது வாசல் கதவுக்கும் படிக்கட்டுக்கும் நடுவே, கம்பிக் கதவுக்கு உள்ளே. அந்தக் கதவுக்குச் சாவி மூன்றே மூன்று. ஒன்று அவரிடம். ஒன்று மனைவியிடம். மூன்றாவது மச்சினனிடம்.

மனைவியின் தம்பி லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். தங்கியிருந்த அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் என்று இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பையும் ஒரு கருவிப் பெட்டியுமாக வந்து முன்னறையில் படுத்தவன். அதிகம் பேசமாட்டான். வந்த புதிதில் ஒரு தரம், "மாமா, ஒரு வாரம் வண்டிய எடுத்துக்கவா? சைட் ரொம்பத் தூரம்" என்று கேட்டான். "அது என் கைக்கு மட்டும்தான் படியும் மாப்ள" என்று இவர் சிரித்தபடி மறுத்துவிட்டார். அவனும் சிரித்தான். இப்போது நினைத்துப் பார்த்தால் அந்தச் சிரிப்பு சரியில்லை என்று பட்டது.

சந்தேகம் ஒரு தரம் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் அதற்கு எல்லாமே தீனிதான். மச்சினன் கை கழுவும்போது நகக்கண்ணில் கிரீஸ் தெரிந்தது. வெளியே போகும்போது வண்டியின் முன் சக்கரத்தை ஒரு நொடி பார்த்துவிட்டுப் போனான். சாப்பிடும்போது, "மாமா, முன் பிரேக் எப்படிப் பிடிக்குது?" என்று வேறு கேட்டான்.

"ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

"நல்லாப் பிடிக்குது. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்திக்க" என்றார் புரூஃப். ஊற்றும்போது அவன் கண்ணையே பார்த்தார்.

மறுநாள் அவன் குளிக்கப் போனதும், செய்யக்கூடாத காரியம் ஒன்றைச் செய்தார். முன்னறைக்குள் நுழைந்து அவன் பையைத் திறந்தார். மடித்த இரண்டு சட்டை, சீப்பு, ஒரு பழைய கடிகாரம். அடியில், உறைகூடப் பிரிக்காத புது பிரேக் கேபிள். அவர் வண்டிக்கே உரியது. குளியலறையில் தண்ணீர் சத்தம் நின்றது. பையை மூடிவிட்டு, வெளியே வந்து, செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வண்டியைப் படிக்கட்டடியில் நிறுத்திக் கேபிளைக் கழற்றினார். மேலே பிடியோடு சேருகிற இடத்தில் உறையை விலக்கிப் பார்த்தார். உள்ளே முறுக்கியிருந்த கம்பி இழைகளில் முக்கால்வாசி அறுந்து, துடைப்பக்குச்சிபோல் விரிந்து கிடந்தன. இரண்டு மூன்று இழைதான் மிச்சம்.

"மாப்ள!" என்று கத்தினார். அக்காவும் தம்பியும் சேர்ந்தே வெளியே வந்தார்கள்.

"இத அறுத்தது யாரு?"

மச்சினன் கேபிளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். "யாரும் அறுக்கல மாமா. முனையெல்லாம் துரு. தேஞ்சு தேஞ்சு ஒவ்வொண்ணா அந்துருக்கு."

"நட்டும் தேஞ்சு தேஞ்சுதான் கழண்டுச்சா? நான் கோடு போட்டு வெச்சிருந்தேன். வண்டி தரலேன்னா ஆளையே தூக்கிடலாம்னு பாத்தியா? அதுக்குத்தானே புதுக் கேபிள் வாங்கி ஒளிச்சு வெச்சிருக்க, காரியம் முடிஞ்சதும் மாத்திட?"

சொல்லும்போதே அந்தக் கணக்கு அவருக்கே உதைத்தது. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

மச்சினன் கேபிளைக் கீழே வைத்தான். "என் பையத் திறந்தீங்களா?"

அவர் பார்வை முன்னறைப் பக்கம் போய்த் திரும்பியது.

"போன வாரம் வண்டியத் தாண்டிப் போறப்ப பிடிகிட்ட உறைக்கு வெளிய ஒரு இழை பிஞ்சு நீட்டிக்கிட்டிருந்ததப் பாத்தேன். லிஃப்ட்டுல கம்பிதான மாமா எனக்கு வேலையே? சொன்னா, 'என் வண்டிய நீ தொடாதே'ன்னு சொல்வீங்க. அதான் நீங்க வீட்ல இருக்கிற நாளாப் பாத்து, கேட்டுட்டு மாத்தலாம்னு வாங்கி வெச்சேன். நட்டப் பத்தி எனக்குத் தெரியாது."

"அப்ப யாரு? பேயா?"

"நான்தான்" என்றாள் மனைவி.

அவள் எலும்பு மருத்துவமனையில் மாவுக்கட்டு அறையில் வேலை பார்க்கிறவள். கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"தினம் நாலு பேருக்காவது கட்டுப் போடறேன். பாதிப்பேர் ஒரே கதைதான் சொல்றாங்க. முன் பிரேக்க அழுத்திப் பிடிச்சேன், தூக்கி அடிச்சிருச்சுன்னு. போன மழைக்கு நாம விழுந்தது எதனால? ரோட்டுல மண்ணு வழுக்கிருச்சுன்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்க. பின்னாடி உக்காந்திருந்தது நானு. நாயப் பாத்துப் பதறி முன் பிரேக்க மட்டும் பிடிச்சீங்க. வண்டிய வித்துருங்கன்னு சொன்னதுக்கு மூணு நாள் பேசல. அதான் நீங்க இறுக்கறப்பல்லாம், குப்பை வாளிய வெளிய வைக்கிறப்ப நட்ட நாலு 'டக்' லூஸ் பண்ணி வெச்சேன். கையாலயே வருது. கொஞ்சமாப் பிடிச்சா தூக்கி அடிக்காதுன்னு நெனச்சேன்."

"நான் பஸ்சுல மோதியிருப்பேன்!"

"அது எனக்கு இப்பத்தான தெரியுது. நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? கோடு போட்டு ஆளப் பிடிக்கத்தான் தெரிஞ்சுது."

புரூஃப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். ஒரு தப்புக்கு ஓர் ஆளைத் தேடியிருந்தார். தேய்ந்த கேபிள், பயந்த மனைவி, சொல்லத் தயங்கிய மச்சினன், பிடிக்கத் தெரியாமல் பிடித்த தன் கை என்று அது நாலு பக்கமும் சிதறிக் கிடந்தது.

மச்சினன் உள்ளே போனான். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான் என்று நினைத்தார்கள். கருவிப் பெட்டியோடு திரும்பி வந்தான். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் முன் சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைத் திறந்து, உள்ளே அடைந்திருந்த கருந்தூசியை ஈரத்துணியால் துடைத்து எடுத்தான். பிரேக் ஷூ இரண்டும் பிடிமானம் இல்லாமல் கண்ணாடிபோல் பளபளத்துக் கிடந்தன. உப்புத்தாளை வைத்துச் சொரசொரப்பாகும்வரை தேய்த்தான். புதுக் கேபிளைப் பழைய வழியிலேயே வளையாமல் நெளியாமல் இழுத்து மாட்டினான். சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, நட்டை ஒவ்வொரு 'டக்'காக ஏற்றினான். லேசாக உரசுகிற சத்தம் வந்ததும் ஒரு 'டக்' பின்னால் எடுத்தான்.

"அக்கா இதுல உக்கார்றா. அதனால செஞ்சேன்" என்றான் எழுந்து. "மாமா, ரெண்டு பிரேக்கையும் சேத்துப் பிடிங்க. முன்னாடி மெதுவா ஆரம்பிச்சு அழுத்தணும், வெடுக்குன்னு கூடாது. அக்கா, இனிமே நட்டத் தொடாத."

அன்று மாலையே பையை எடுத்துக்கொண்டு, வேலை நடக்கிற கட்டடத்திலேயே படுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போய்விட்டான். அக்கா தடுத்துப் பார்த்தாள். புரூஃப் வாசலில் நின்றார். "இரு" என்று சொல்லாமல் கம்பிக் கதவைத் திறந்துவிட்டார்.

ஒரு வாரம் தாக்குப்பிடித்தார். எட்டாம் நாள் மதியம் மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினார். ஒவ்வொரு சிக்னலிலும் அவள் விரல்கள் அவர் தோளை இறுக்குவதும் தளர்வதும் தெரிந்தது. கட்டடம் வந்ததும் அவள் கீழேயே நின்றுகொண்டாள். "நீங்க போங்க. நான் வந்தா என் முகத்துக்காக அவன் சரின்னுடுவான்."

லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. ஒன்பது மாடி ஏறினார். மச்சினன் மொட்டைமாடி அறையில், லிஃப்ட்டைத் தூக்குகிற பெரிய சக்கரத்தில் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள, நான் பண்ணது தப்பு" என்றார் மூச்சு வாங்க.

அவன் கம்பியை விட்டுவிட்டுத் திரும்பினான். "பையத் திறந்ததக்கூட விட்டுருவேன் மாமா. 'இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்திக்க'ன்னு சொல்லிக்கிட்டே சந்தேகப்பட்டீங்க பாருங்க. அதான் இறங்க மாட்டேங்குது."

புரூஃப் அங்கே கிடந்த பலகையில் உட்கார்ந்தார். அவன் வேலையைத் தொடர்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த டார்ச்ச இப்படிப் பிடிங்க" என்றான். பிடித்தார். கை வலிக்கிறவரை பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கெழம சாப்பிட வர்றியா?" என்று கிளம்பும்போது கேட்டார்.

"பாக்கறேன் மாமா."

அந்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறு வந்தான். அவன் தட்டில் அன்றைக்குக் குழம்பை அக்காதான் ஊற்றினாள்.