காய் பிடித்த தேயிலை

போஞ்சி என்கிற பீன்ஸ் பயிரிட நினைக்கிறவர்கள் முதலில் மண்ணைப் பார்க்க வேண்டும். இரண்டாவது விதையைப் பார்க்க வேண்டும். மூன்றாவது, பெண்சாதியின் கையைப் பார்க்க வேண்டும். முதல் இரண்டையும் நான் ஒழுங்காகப் பார்த்தேன்.

நோர்வூட்டிலிருந்து மேலே ஏறினால் வரும் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் பத்து பேர்ச் அளவு நிலத்துண்டு ஒன்று என் பொறுப்பில் இருந்தது. தேயிலை செத்துப்போன இடம். சாய்வு சற்று அதிகம். அங்கே நின்றால் என் கால் லயத்துக் கூரைக்கு மேலே இருக்கும். ஒருமுறை அங்கே கரட் கிழங்கு போட்டேன். அதில் ஒன்று நேரே கீழே இறங்கி, பக்கத்து வீட்டுக் குசினிச் சுவரில் மூக்கை நீட்டியது. அந்த வீட்டார் அதில் கை துடைக்கும் துவாய் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். பிடுங்கினால் அவர்களுக்குச் சிரமம் என்று நானும் விட்டுவிட்டேன்.

தைப்பொங்கல் முடிந்த வாரம், தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு கணேசமூர்த்தி ஐயா காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் ஓர் அறிவிப்புச் செய்தார்.

"லயத்துக்குப் பின்னால இருக்கிற துண்டுல சித்திரை பொறக்குறதுக்குள்ள காய்கறி நிக்கணும். நான் வந்து பாப்பேன். காய் இல்லாட்டி தோட்டம் திருப்பி எடுத்துத் தேயிலை வச்சிரும்."

முப்பத்தாறு வருஷம் தோட்டத்துக்காகத் தண்ணீர் வடியும் கான் வெட்டியிருக்கிறேன். எனக்காக வெட்டிய கான் அந்தத் துண்டில் மட்டும்தான் ஓடுகிறது. அதை விடுவதாக இல்லை.

தேயிலை நின்ற மண் புளித்த மண். அதில் நேரே விதை போட்டால் முளைத்து வந்து நம்மைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். ஆகவே டொலமைட் தூவி, கொத்திவிட்டு, இரண்டு வாரம் சும்மா இருந்தேன். பிறகு மக்கிய மாட்டெரு. பாத்திகளைச் சாய்வுக்குக் குறுக்கே பிடித்தேன். சாய்வோடு பிடித்தால் முதல் மழைக்கு மண் முழுவதும் ஆற்றுக்குப் போய், நாம் அங்கே போய்த்தான் விவசாயம் செய்ய வேண்டும்.

விதை நோர்வூட்டில் மஃறூப்பின் கடையில் வாங்கினேன்.

"வீரய்யாண்ணே, இது குட்டைப் போஞ்சி. கம்பு ஊண்டத் தேவல்ல. அம்பத்தஞ்சாம் நாள் காய் பறிக்கலாம்" என்றார் மஃறூப்.

"வராட்டி?"

"வராட்டி உங்கட கை சரியில்ல."

"என் கை நல்ல கைதான் மொதலாளி. வீட்டுல வேற ரெண்டு கை இருக்கு. அதுதான் யோசிக்கிறேன்."

குழிக்கு இரண்டு விதை, ஒன்றரை அங்குல ஆழம், சாணுக்குச் சாண். ஏழாம் நாள் எல்லாம் தலையை நீட்டின. எட்டாம் நாள் வேலாயி பார்த்தாள்.

வேலாயி என் பெண்சாதி. முப்பத்துநாலு வருஷம் கொழுந்து எடுத்தவள். வேலையை விட்டு இரண்டு வருஷமாகிறது. கை இன்னும் விடவில்லை. பச்சையாக ஒரு நுனி தெரிந்தால் இரண்டு இலை, ஒரு மொட்டு, முதுகுக்குப் பின்னால் வீச்சு. முதுகில் கூடை இல்லை என்பது கைக்குத் தெரியாது. கோயிலில் பூசாரியின் தட்டிலிருந்த துளசியைக் கிள்ளி வீசியிருக்கிறாள். பச்சை கிடைக்காத நாளில் சட்டைப் பொத்தானும் சரிதான். என் தலையில் முடி இல்லாததற்கு வயதைக் காரணம் சொல்கிறார்கள். நான் பக்கத்தில் படுக்கிறவன். எனக்குத் தெரியும்.

ஒரு காலை போஞ்சிப் பாத்தியில் நுனி ஒன்றுகூட இல்லை.

"ஏ வேலாயி, கிள்ளினியா?"

"நான் எங்கங்க கிள்ளினேன்? களைதான் புடுங்குனேன். கை பாட்டுக்குப் போயிருச்சு."

"இது போஞ்சி. நுனியக் கிள்ளுனா பூ எப்புடிப் புடிக்கும்?"

"கிள்ளுனாத்தானே கெளைக்கும்? முப்பத்தாறு வருஷம் கானுக்குள்ளயே நின்னீங்க. மேல என்னா நடந்துச்சுன்னு உங்களுக்கு என்னா தெரியும்?"

கிளைத்தது. அதுதான் கேடு. ஒரு செடி பத்தாகக் கிளைத்தது. ஏழு நாளைக்கு ஒருமுறை அவள் ஒரு சுற்று வந்தாள். கைக்குத் துணியைச் சுற்றிக் கட்டிப் பார்த்தேன், துணியோடு கிள்ளினாள். மாசி மாதம் முடியும்போது பத்து பேர்ச்சும் இடைவெளி இல்லாமல் மூடி, மேலே மேசை மாதிரி மட்டமாகிவிட்டது. கொழுந்து எடுக்கிறவர்கள் மட்டம் பார்க்க வைக்கும் மட்டக்கம்பைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். ஒரு நூல் பிசகில்லை. பூவும் இல்லை.

அன்றைக்கென்று கண்டாக்கு ஐயா வந்தார். சாய்வில் ஏறி நின்று வெகுநேரம் பார்த்தார். தேயிலை நிற்கும் ஒவ்வொரு துண்டுக்கும் தோட்டத்தில் மலை என்றுதான் பேர்.

"வீரய்யா, இது எந்த மலை?"

"மலை இல்லீங்க ஐயா. போஞ்சி."

"போஞ்சின்னா காய் எங்க?"

"நுனியக் கிள்ளுறதால காய்க்கலீங்க."

"கிள்ளுனா மறுபடி கொழுந்து வருதா?"

"வருதுங்க."

"எத்தன நாளைக்கு ஒரு தடவ?"

"ஏழு நாளைக்குங்க."

"அப்ப தேயிலைதான்யா. எனக்கே பாடம் எடுக்கிறியா?"

புத்தகத்தை எடுத்து 'ஏழு பி மலை, நல்ல விளைச்சல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் பெயர்ப்பலகை வந்தது. அதற்கு மறுநாள் சண்முகவடிவு தலைமையில் எட்டுப் பெண்கள் கூடையோடு வந்தார்கள்.

"என்னா மாமா, கான் வெட்டுன கையால தேயிலையெல்லாம் வச்சிருக்கீங்க?" என்றாள் சண்முகவடிவு.

"அது போஞ்சி, தாயி."

"இருந்துட்டுப் போகட்டும். கொழுந்து மெத்துன்னு இருக்கு. ஏய், வரிசை புடிங்கடி!"

வேலாயி அவர்களோடு சேர்ந்து ஒரு வரிசை பிடித்தாள். கேட்டால், "கூடை இருக்கிறப்ப சும்மா நிக்கச் சொல்றீங்களா?" என்கிறாள்.

கொழுந்து ஸ்டோருக்குப் போனது. வாடப் போட்டார்கள், அரைத்தார்கள், வறுத்தார்கள். கொழும்பில் தேத்தண்ணி ருசி பார்க்கிற ஒருவர் வாயில் ஊற்றி, கொப்புளித்து, துப்பி, இன்னொருமுறை ஊற்றி, அதை விழுங்கிவிட்டாராம். அந்த உத்தியோகத்தில் விழுங்குகிற வழக்கம் இல்லை. 'இதில் ஒரு புதுக் குணம் இருக்கிறது. அதே மலையிலிருந்து தொடர்ந்து அனுப்பவும்' என்று தோட்டத்தை நடத்தும் தொரைக்குக் கடிதம் வந்தது.

இனி என் துண்டு திரும்பி வராது என்று எனக்குப் புரிந்தது. சித்திரைக்கு நாலு வாரம்கூட இல்லை. காய் இல்லாமல் அது போஞ்சி என்று ஒருவரும் நம்பப் போவதில்லை. காய் பிடிக்க மூன்று வாரம் ஒரு கையும் படக்கூடாது. வெளியே எட்டு ஜோடிக் கை, வீட்டுக்குள் ஒரு ஜோடி.

கானுக்குள்ளேயே நின்றவன் என்று வேலாயி சொன்னாள் அல்லவா. கானுக்குள் நின்றாலும் மேலே ஒன்று தெரியும்: கொடி. தோட்டத்தில் ஒரு மலைக்கு மருந்து அடித்தால் நடுவில் சிவப்புக் கொடி நட்டுவிடுவார்கள். கொடி இறங்கும் வரை அந்த மலையில் ஒருவரும் விரல் வைக்க மாட்டார்கள். வைத்தால் அன்றைக்கு வேலை இல்லை.

வேலாயியின் பழைய சிவப்புச் சேலையில் ஒரு முழம் கிழித்தேன். பொய் சொல்லக்கூடாது என்பதால் ஒரு வாளி சாம்பல் தண்ணீரும் தெளித்தேன்; அசுவினிக்கு நல்லது. கொடியை நடுவில் நட்டேன்.

சண்முகவடிவு வந்தாள், பார்த்தாள், திரும்பிப் போனாள். யார் நட்டது என்று கேட்கவில்லை. கங்காணி, கண்டாக்கு நட்டதாக நினைத்தார். கண்டாக்கு, தொரை நடச் சொன்னதாக நினைத்தார். தொரை என்ன நினைத்தார் என்பது நமக்கு வராது.

வேலாயி கான் ஓரத்தில் வந்து நின்றாள். வலது கை தானாக நீண்டது. கொடியைப் பார்த்தாள். கையை மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"என்னாங்க, மருந்து அடிச்சிருக்காங்களா?"

"கொடி நிக்குதுல்ல."

"அந்தத் துணி என் சேலை மாதிரி இருக்கு."

"எல்லாச் சிவப்பும் ஒரே சிவப்புத்தான்."

அந்த மூன்று வாரமும் அவள் தூக்கத்தில்கூடக் கிள்ளவில்லை. காதுக்கு மேலே எனக்கு நாலு முடி வளர்ந்தது. ஒன்பதாம் நாள் வெள்ளையாகப் பூ. அப்புறம் ஊசி மாதிரிப் பிஞ்சு. கிளைத்த செடி என்பதால் கிளைக்குக் கிளை காய்; பாரம் தாங்காமல் மலையே சற்றுக் கீழே இறங்கியது. பெயர்ப்பலகை இப்போது நிற்கும் இடம் முன்பு நின்ற இடம் இல்லை.

வருஷப்பிறப்புக்கு முந்தின வாரம் கண்டாக்கு ஐயா வந்தார். ஒரு காயைப் பிடித்துப் பார்த்தார். ஒடித்தார். கடித்தும் பார்த்தார். கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். அதில் அவருடைய கையெழுத்து இருந்தது. கொழும்புக் கடிதமும் உள்ளேதான் இருந்தது.

"வீரய்யா."

"ஐயா."

"கொழுந்து எடுக்காம விட்டா தேயிலை என்னா செய்யும்?"

"பூக்கும். காய்க்கும்ங்க ஐயா."

"காய் புடிச்ச தேயிலைய தோட்டம் என்னா செய்யும்?"

"கைவிட்ட மலைன்னு எழுதிருவாங்க."

"அத மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாத." புத்தகத்தைத் திறந்து எழுதினார்: 'ஏழு பி மலை. கொழுந்து நின்றுவிட்டது. காய் பிடித்துவிட்டது. கைவிடப்பட்டது. பராமரிப்பு: வீரய்யா.' எழுதிவிட்டு, "இந்தத் தேயிலைக் காய் எப்படி, பால் விட்டுக் கறி வைக்கலாமா?" என்று கேட்டார்.

"தேங்காய்ப் பால் கொஞ்சம் கட்டியா இருக்கணும்ங்க."

வேலாயி கான் ஓரத்தில் கையை இடுப்பில் செருகியபடி நின்றிருந்தாள். நான் பைக்குள் காய் பறித்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அந்தம்மா ஏன் சும்மா நிக்குது? வந்து ஒரு கை பறிக்கச் சொல்லு" என்றார் ஐயா.

"கொடி நிக்குதுங்களே" என்றாள் வேலாயி.

"கைவிட்ட மலைக்கு என்னா கொடி?" என்று சொல்லி, ஐயா கொடியைப் பிடுங்கி அவள் கையிலேயே கொடுத்தார்.

ஐயா கீழே இறங்கும்போது பையில் மூன்று கிலோ போஞ்சி இருந்தது. சட்டையில் மேல் இரண்டு பொத்தான்களும் இல்லை. அதற்கு வேலாயியைக் குறை சொல்ல முடியாது. கொடியைப் பிடுங்கியது அவர்தான்.