பதினேழாவது குறை

ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். பல் துலக்கினேன். பால் காய்ச்சி ஒரு டம்ளர் குடித்துவிட்டு மீதியைக் கொட்டினேன். இன்னமும் அரை லிட்டர் பாக்கெட்தான் வாங்குகிறேன். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

எங்கள் தொழிற்சாலையில் எரிவாயு அடுப்புக்கான ரெகுலேட்டர் செய்கிறோம். வருடத்துக்கு இரண்டு முறை, ஒரு பிரிவின் வேலையை இன்னொரு பிரிவுக்காரர் தணிக்கை செய்து குறை எழுதுவார். அந்தத் தணிக்கையால் பலன் உண்டா என்று அளந்து அறிக்கை தருவது என் மனைவியின் வேலை. அவள் போய் மூன்று மாதம் ஆகிறது. வேலை என் தலையில் வந்தது.

எழுதிய குறைகளில் எத்தனை சரிசெய்து முடிக்கப்பட்டன என்பதுதான் கணக்கு. நாற்பதில் முப்பத்தொன்பது. மிச்சம், போன தணிக்கைக்கு அவளே போய்த் தன் கையால் எழுதிய பதினேழாவது: 'கசிவுச் சோதனை மேசையில் அழுத்தமானியின் முள் ஒட்டிக்கொள்கிறது. மூன்றாவது முறை.' முந்தைய இரண்டு முறையும் 'பயிற்சி அளிக்கப்பட்டது' என்று எழுதி முடித்திருந்தார்கள்.

"முள்ளுக்கும் எனக்கும் சேர்த்துதான் பயிற்சி குடுத்தாங்க தம்பி," என்றார் மேசையில் இருந்த அக்கா. "அது பாஸாயிடுச்சு. நான்தான் ஃபெயில்."

கசியும் ரெகுலேட்டர் ஒன்றைத் தேடி எடுத்து மாட்டினேன். காற்று ஏற்றி நிறுத்தியதும் முள் இறங்க வேண்டும். இறங்கவில்லை. அக்கா விரலால் கண்ணாடியைத் தட்டினார். சரிந்தது.

"எப்பவும் தட்டுவீங்களாக்கா?"

"ஞாபகம் வந்தா தட்டுவேன்."

பழைய அறிக்கைகளை எடுத்து உட்கார்ந்தேன். முடித்த முப்பத்தொன்பதில் பதினான்கு, ஏற்கெனவே முடித்துத் திரும்பி வந்தவை. அதையும் எழுதினேன்.

தரப் பிரிவு மேலாளர் படித்தார். நூற்றுக்கு நூறு கேட்பதால் அவருக்கு 'சதம்' என்று பெயர்.

"பதினேழையும் முடிச்சுக் கையெழுத்துப் போடுப்பா. நாளைக்கு வெளித் தணிக்கைக்காரங்க வர்றாங்க. இதைப் பார்த்தா வேலையையே நிறுத்திடுவாங்க. எண்பது குடும்பம்."

"இது வெடிச்சா எத்தனை குடும்பம் சார்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "சாகும்போதுகூட 'எல்லாரையும் பார்த்துக்கோங்க'ன்னு சொன்ன பொண்ணுப்பா. அவ பேரால இத்தனை பேர் வயித்துல அடிக்கலாமா?"

அப்படி நான்தான் சொல்லியிருந்தேன். கடைசியாக என்ன சொன்னாள் என்று சாவு வீட்டில் ஆளாளுக்குக் கேட்டார்கள். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

பதினேழுக்கு எதிரே 'முடியவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். தாளை அவர் பக்கம் தள்ளினேன்.

"அவ அப்படிச் சொல்லல சார்."

"பின்ன?"

அந்தக் கடைசி நாளில் நான் மாத்திரை வாங்கக் கிளம்பினேன். ஆஸ்பத்திரியில் நான்காவது மாடி. அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"லிஃப்ட்டுக்கு நிக்காதீங்க, கூட்டமா இருக்கும். படியில போயிடுங்க."