கை ஊன்றி எழுந்தவன்

எங்கள் மெத்தைக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. விற்பவன் வாடிக்கையாளர் கண்முன்னால் பொத்தென்று மெத்தையில் மல்லாந்து விழ வேண்டும். மூன்று எண்ணுவதற்குள் கை ஊன்றாமல் எழுந்து நின்று, "பாத்தீங்களா, முதுகை எப்படித் தூக்கிக் குடுக்குது!" என்று சிரிக்க வேண்டும். முதலாளி இளவயதில் கண்டுபிடித்த வித்தை. பதினொரு வருடமாக அதில் கொடிகட்டிப் பறந்தவன் நான். கடையில் எனக்குப் பெயரே 'ஸ்பிரிங்கு'தான்.

ஒரு திங்கட்கிழமை காலை, புதிதாகக் கல்யாணமான ஜோடியின் முன்னால் விழுந்தேன். எழ முடியவில்லை. இடுப்பில் சுரீரென்று கிளம்பிய வலி தொடை, கெண்டைக்கால் வழியாகக் கணுக்கால் வரைக்கும் ஓடியது. கூரை விளக்குகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அந்தப் பெண் கணவனின் சட்டையை இழுத்தாள்.

"இது வேணாங்க. படுத்தா எழுந்திருக்கவே முடியாது போல."

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். கீழ்முதுகில் ஒரு டிஸ்க் பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை உரசுகிறது என்றார் டாக்டர். முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் சுற்றி வளைக்காத மனிதர்.

"ஒரு மாசம் லீவு எடுத்துக்கோ. நல்லா எழுந்திருச்சேன்னா முன்னாடி நில்லு. இல்லன்னா பின்னாடி கிடங்குல நாற்காலி போட்டுத் தரேன், உக்காந்து தலகாணி உறை எண்ணு."

உறையோடு நான் என்ன பேசுவது? நாலு பேரிடம் வாயடித்து, சிரிக்கவைத்து, மெத்தையைத் தலையில் கட்டுவதில்தான் என் சந்தோஷமே இருக்கிறது.

அப்போது நான் செய்த காரியத்தை மெத்தைக் கடைக்காரன்தான் செய்வான். கடையிலேயே கெட்டியான மெத்தையை வீட்டுக்கு வரவழைத்து அதில் படுத்தேன். முதுகுவலியை இது போக்கும் என்று ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி, நானே அதை நம்பிவிட்டிருந்தேன். பத்து நாள் சாப்பாடும் அதிலேயே. வலி குறையவில்லை, உடம்புதான் பலகையாக இறுகியது. திரும்பிப் படுக்கவே பயந்தேன்.

என் மனைவி பஸ் கண்டக்டர். பத்தாம் நாள் வேலை முடிந்து வந்தவள் கட்டில் பக்கத்தில் நின்று, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள்.

"ஓடுற வண்டியில எட்டு மணி நேரம் நின்னுட்டு வரேன். படுத்தே இருக்கிற நீங்க என்னைவிடக் களைச்சுத் தெரியறீங்க. இது என்ன வைத்தியங்க?"

மறுநாளே என்னைப் பிசியோதெரபி அம்மாவிடம் இழுத்துப் போனாள். ஒல்லியான அந்த அம்மா முட்டியில் சுத்தியலால் தட்டினார், குதிகாலில் நடக்கச் சொன்னார், பிறகு நுனிக்காலில். அப்புறம், ஒன்றுக்கு ரெண்டுக்குப் போவது கட்டுப்பாட்டில் இருக்கிறதா, தொடையிடுக்கு மரத்துப்போயிருக்கிறதா என்று கேட்டார். நான் கூச்சத்தில் நெளிந்தேன்.

"எல்லாம் ஒழுங்கா இருக்கு மேடம்," என்று என் மனைவி பதில் சொன்னாள்.

"நல்லது. அதுல ஏதாவது கோளாறு வந்தாலோ, பாதம் தொங்கிப்போனாலோ இங்க வராதீங்க, நேரா அவசரப் பிரிவுக்கு ஓடுங்க. எத்தனை நாளா படுக்கை?"

"பத்து நாள். எங்க கடையிலேயே பெஸ்ட் மெத்தை மேடம்."

"மெத்தை நல்லாவே இருக்கட்டும் சார். நீங்க அதுலேர்ந்து இறங்குங்க."

"நடந்தா டிஸ்க் கழண்டு விழுந்துடாதா?"

"விழறதுக்கு அது என்ன பாக்கெட்ல வெச்ச சாவியா? இந்த வலி முக்கால்வாசிப் பேருக்குச் சில வாரத்துல தணிஞ்சுடும். வலிக்குதுன்னா ஏதோ உடையுதுன்னு அர்த்தம் இல்ல."

தினம் மூன்று வேளை பத்துப் பத்து நிமிட நடை. குப்புறப் படுத்து, இடுப்பைத் தரையில் விட்டுவிட்டு மார்பை மட்டும் கையால் உயர்த்தும் பயிற்சி. எழும்போது முட்டியை மடக்கி, ஒருக்களித்து, காலைக் கீழே தொங்கவிட்டு, கை ஊன்றி எழ வேண்டும்.

"கை ஊன்றியா?" என்றேன். என் பதினொரு வருட மானம் போனது.

பயிற்சி தொடங்கிய எட்டாம் நாள் கெண்டைக்கால் வலி காணாமல் போய், இடுப்பில் மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டது. அலறியடித்து அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"காலை விட்டு மேல ஏறிடுச்சா? சூப்பர் சார்! நரம்பு விடுபடுதுன்னு வெச்சுக்குங்க. நிறுத்தாதீங்க!"

என் இடுப்பு போகிறது, இந்த அம்மா சூப்பர் என்கிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நிறுத்தவில்லை. அடுத்த வாரம் இடுப்பும் இளகியது. மாதக் கடைசியில், மனைவியின் பஸ் டிப்போ வரை நடந்தே போய் அவள் முன்னால் நின்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

கடைக்குத் திரும்பிய அன்று முதல் வாடிக்கையாளர் ஒரு லாரி டிரைவர். இடுப்பைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தார். முதலாளி கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். மெல்லப் படுத்தேன். ஒருக்களித்து, காலை இறக்கி, கை ஊன்றி எழுந்து நின்றேன். துளி வலி இல்லை.

"இது எழுந்திருக்கிற லட்சணமா?" முதலாளிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "நகரு. நான் காட்டறேன்."

அறுபது வயது மனிதர் பொத்தென்று விழுந்தார். கை ஊன்றாமல் ஒரு எம்பு எம்பினார்.

"அம்மா!"

அப்படியே கிடந்தார். இப்போது அவர் கூரை விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. குனிந்து கேட்டேன்.

"ஐயா, கால் மரத்துப்போச்சா?"

"இல்லடா, இடுப்பு வலிக்குதுடா!"

"பயப்படாதீங்க. முட்டியை மடக்குங்க. என் பக்கமாத் திரும்புங்க. காலைக் கீழ விடுங்க. இப்ப கையை ஊன்றுங்க."

"கையா?"

"கைதான் ஐயா."

முனகிக்கொண்டே எழுந்து நின்றார். லாரி டிரைவர் செருப்பைக் கழற்றினார்.

"அண்ணே, மெத்தை கிடக்கட்டும். முதல்ல அந்த வித்தையை எனக்குச் சொல்லிக் குடுங்க."

சொல்லிக் கொடுத்தேன். இரண்டாம் தடவையே தானாக எழுந்தவர், நான் வாயைத் திறக்கும் முன் மெத்தையையும் வாங்கிக்கொண்டார்.

முதலாளி சுவரைப் பிடித்தபடி என்னைக் கூப்பிட்டார்.

"ஸ்பிரிங்கு, உனக்குன்னு கிடங்குல ஒரு நாற்காலி போட்டு வெச்சிருந்தேன். அதை இங்க கொண்டா. நான் உக்காந்துக்கறேன்."

"உக்காரக் கூடாது ஐயா. நடங்க."

முறைத்தார். பிறகு, நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் முறையாக, நான் சொன்னதைக் கேட்டு நடக்க ஆரம்பித்தார். கடையை மூன்று சுற்றுச் சுற்றினார். ஒவ்வொரு சுற்றிலும் கடையின் முன்பக்கம் அடுத்த வாடிக்கையாளரோடு நின்றுகொண்டிருந்த என்னைக் கடந்துதான் போனார்.