பதினோராவது பதிவு

கழிப்பறைத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போனில் விறுவிறுவென்று தட்டினாள் பூதக்கண்ணாடி. எதிர் அறையில் சிட்டுவின் நேர்காணல் நடக்கிறது. அது முடிவதற்குள் பதிவைப் போட்டாக வேண்டும்.

ஏழு வருஷமாக மைக்ராஸ்கோப்பை விட்டுத் தலை நிமிராதவளுக்கு ஆய்வகம் வைத்த பெயர்தான் பூதக்கண்ணாடி. கட்டுரைகள் ஒன்பது. பின்தொடர்பவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் பாதி சொந்தக்காரர்கள். அதே ஆய்வகத்துக்கு நேற்று வந்த சிட்டுவுக்குக் கட்டுரைகள் இரண்டு. பின்தொடர்பவர்களோ நாற்பதாயிரம்! இருப்பது ஒரே ஒரு விரிவுரையாளர் வேலை. விண்ணப்பத்திலேயே ‘சமூக ஊடகத்தில் உங்கள் வீச்சு’ என்று ஒரு கட்டம் வேறு. வயிறு எரியாமல் குளிரவா செய்யும்?

நாலு மாசமாகச் சிட்டுவின் பதிவுகள் கண்ணில் படாதபடி ‘மியூட்’டில் போட்டிருந்தாள். இன்று காலை ஒரு கள்ளக் கணக்கைத் திறந்து எட்டிப் பார்த்தாள். பதினோரு பதிவுகள் கொண்ட தொடர். முதல் பதிவில் கலர் பூசிய செல் படம். மூலையில் செல்லின் அளவைக் காட்டும் கோட்டைப் பார்த்ததும் பூதக்கண்ணாடிக்குப் புரிந்துவிட்டது. லென்ஸை மாற்றிவிட்டு, படம் எடுப்பவர் கம்ப்யூட்டரில் அளவை மாற்ற மறந்தால் வரும் தப்பு. பத்து மடங்கு பிசகு! மீதியைப் படிக்க யாருக்குப் பொறுமை?

‘இது செல்லா, பூசணிக்காயா? மைக்ராஸ்கோப்பைத் தொடத் தெரியாதவர்களுக்கெல்லாம் விரிவுரையாளர் வேலையா?’

கள்ளக் கணக்கிலிருந்தே, பல்கலைக்கழகத்தின் கணக்கையும் கோத்துவிட்டு அழுத்தினாள். பத்தே நிமிஷம். முந்நூறு பேர் பகிர்ந்துவிட்டார்கள்.

வராந்தாவுக்கு வந்தபோது, சிட்டு வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

“பாத்தீங்களாக்கா? எவனோ மானத்த வாங்கிட்டான்.”

“அப்படியா? நான் அந்தப் பக்கமே போறதில்லயேம்மா.”

“உள்ள ஒரு சார் போனும் கையுமாத்தான் இருந்தாரு. ‘தப்பு யாருது?’ன்னு கேட்டாரு.”

பூதக்கண்ணாடிக்கு உள்ளுக்குள் ஜில்லென்றது. “நீ என்ன சொன்ன?”

“நான் பதில் சொல்றதுக்குள்ள அவரே தொடரைக் கடைசி வரைக்கும் தள்ளித் தள்ளிப் படிச்சாரு.”

“படிக்கட்டுமே. அதுக்கென்ன?”

சிட்டு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “அப்போ நீங்க படிக்கவே இல்லயா? நாலு நாளைக்கு முன்னாடியே உங்கள டேக் பண்ணியிருந்தேனே!”

கதவு திறந்தது. உதவியாளர் பூதக்கண்ணாடியைக் கூப்பிட்டார். அவள் எழுவதற்குள் சிட்டு தன் போனில் பதினோராவது பதிவைத் திறந்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

‘இந்தத் தொடரில் உள்ள படங்கள் எல்லாமே எங்கள் ஆய்வக அக்கா எடுத்தவை. கலர் பூசியது மட்டும்தான் நான். அக்காவைப் பின்தொடருங்கள்.’