சுவிட்சுப் பெட்டிக் குளவி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தூக்கணாங்குருவியையும் குளவியையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். நடுவில் செஞ்சி பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா சிங்கவரத்தில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்லித் தொலைத்தார். கட்டுரை அதோடு கெட்டது.

2

'கோட்டை மலைக்குப் பின்னால் சூரியன் மெல்ல…' சீ, வேண்டாம்.

ஆண் தூக்கணாங்குருவி பாதிக் கூட்டைக் கட்டிவிட்டு அதில் தொங்கிக்கொண்டு கத்தும். பெட்டை வந்து உள்ளே புகுந்து பார்க்கும். பிடித்தால் குடித்தனம், இல்லையென்றால் பறந்துவிடும். விமல்ராஜும் சிங்கவரத்தில் பூச்சு பூசாத வீட்டோடு அப்படித்தான் நின்றான். அனந்தபுரத்து அனுவும் அவள் அப்பா பாண்டுரங்கனும் வீடு பார்க்க வந்தார்கள். பிடிக்காவிட்டால் வேறு மாப்பிள்ளை என்று சொல்லித்தான் அவர் மகளைக் கூட்டி வந்திருந்தார்.

(அனுவுக்கும் விமல்ராஜுக்கும் ஒரு வருஷமாகப் பழக்கம். தரகர் கொண்டுவந்த வரன் என்றே பாவம் அவர் நம்பிக்கொண்டிருந்தார்.)

3

குளவிக்கு இந்தச் சடங்கெல்லாம் கிடையாது. பெட்டை ஒண்டியாக மண் சுமந்து, அறை கட்டி, முட்டையிட்டு, பிள்ளைக்குத் தீனியும் வைத்து வாசலை அடைத்துவிடும். அப்படி ஒன்று விமல்ராஜ் வீட்டு சுவிட்சுப் பெட்டிக்குள் கட்டியிருந்தது. ஒயர் இழுக்க வழியில்லை.

குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை உண்டாகும் என்பார்கள். அதனால் விமல்ராஜின் அம்மா வளர்மதி அதை உடைக்க விடவில்லை. அந்த வீட்டில் இருந்த ஒரே பெண் அவர்தான், ஐம்பது தாண்டியவர். தெருவே சிரித்தது.

4

பாண்டுரங்கன் சுவரையெல்லாம் தட்டிப் பார்த்தார். கரண்டு இல்லாத வீட்டுக்குப் பெண் தரமுடியாது, அந்த மண்ணை இப்போதே உடைத்தால் தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்றார். வளர்மதியே வாயை மூடிக்கொண்டார். விமல்ராஜ் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

அதுவரை பேசாத அனு, "வேணாம் நைனா. பெட்டிய வேற சொவுத்துல போட்டுக்கலாம்" என்றாள்.

"இன்னாத்துக்கு?"

அனு தரையைப் பார்த்தாள். விமல்ராஜ் ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டுவிட்டான். வளர்மதி அவளை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போய் நாற்காலியை எடுத்துவந்து போட்டார்.

"நிக்காத. குந்தும்மா."

5

முடிவு ஒன்று: அனு விலங்கியல் படித்தவள், பூச்சி மேல் இரக்கம்.

முடிவு இரண்டு: [அடித்துவிட்டேன். பாண்டுரங்கன் இதைப் படித்துவிட்டால் என்ன செய்வது?]

அவளைக் குருவிப் பெட்டை என்றுதான் எழுதிவந்தேன். நாலாம் பகுதியில் கட்சி மாறிவிட்டாள், நான் என்ன செய்ய. பாண்டுரங்கன் இன்னும் யோசிக்கிறார். முகூர்த்தத் தேதியை நீங்களே குறித்துக் கொடுங்கள். கொஞ்சம் சீக்கிரமாகவே குறியுங்கள்.