வெல்டிங் கண்ணாடியும் முப்பது வினாடியும்

"ஒங்களுக்கு எதப் போட்டோ எடுக்கப் புடிக்கும்?" என்று தரணிதரன் சேர் கேட்டார்.

"இயற்கைதான் சேர். அருவி, மல, கடல், அந்த மாதிரி."

"மனுசங்கள எடுக்க மாட்டீங்களா?"

"சேச்சே" என்றேன்.

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஹட்டனில் நான் வேலை செய்யும் ஃபார்மசியின் கவுண்டரில் நடந்த பேச்சு இது. அவர் தன் அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்க வந்திருந்தார். அதுவரை நான் எடுத்திருந்த போட்டோக்கள் மொத்தமும் தங்கச்சியின் சடங்கில் எடுத்தவை. அவற்றில் சொந்தக்காரர்கள் இருந்தார்கள், சாப்பாட்டு இலைகள் இருந்தன. ஒரு மரம்கூடக் கிடையாது.

சேர் கணிதம் படிப்பிப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் இயற்கைக் காட்சி எடுக்கப் போகும் பதினொரு பேர் கொண்ட குழு ஒன்றை நடத்தினார். நான் பன்னிரண்டாவது ஆளாகச் சேர்ந்தேன். முதல் அருவியிலேயே அட்டைக்கடி தாங்காமல் நான்கு பேர் கழன்றுகொண்டார்கள். உலக முடிவுப் பள்ளத்தாக்கைப் பார்க்கப் போய், மூன்று மணிநேரம் வெறும் பனிமூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியதில் இன்னும் ஐந்து பேர் போனார்கள். மிஞ்சிய மூவரில் ஒருவர் அறுகம்பைக் கடற்கரைக்குப் போன பஸ்ஸில் வழிநெடுக வாந்தி எடுத்து, அதோடு கலையைக் கைவிட்டார். ஆனால் எங்கள் வீட்டுக் கணக்கில் குழு இன்னமும் பன்னிரண்டு பேர்தான். அம்மா இப்போதும் பன்னிரண்டு பேருக்கு ரொட்டியும் சம்பலும் கட்டித் தருகிறார். நாங்கள் இரண்டு பேருமாகத் தின்று தீர்க்கிறோம். இந்த நான்கு வருடங்களில் என்னிடம் உண்மையாகவே வளர்ந்தது என்றால் அது என் எடை மட்டும்தான்.

குழுவில் எனக்கு இரண்டு வேலைகள். கெமரா நிறுத்தும் மூன்றுகால் ஸ்டாண்டைச் சுமப்பது ஒன்று. மற்றது கண்ணாடி பிடிப்பது. அருவித் தண்ணீர் படத்தில் பால் மாதிரி விழ வேண்டுமென்றால் கெமராவின் கண்ணை அரை நிமிடம் திறந்து வைக்க வேண்டுமாம். அதற்கு வெளிச்சத்தை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி தேவை. சேர் கினிகத்தேனையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வெல்டிங் வேலைக்காரர்கள் முகத்துக்குப் பிடிக்கும் கண்ணாடியை வாங்கி வந்தார். அது கெமராவில் பொருந்தாது. யாராவது கை ஆடாமல் முன்னால் பிடித்து நிற்க வேண்டும். அவர் ஒன்று, இரண்டு என்று முப்பது வரை எண்ணுவார். அந்த நேரம் முழுவதும் அவர் முகம் என் முழங்கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கும். அருவி எந்தப் பக்கம் விழுகிறது என்றுகூட நான் பார்த்ததில்லை.

ஒவ்வொரு முறையும் இருபதாவது வினாடியில் சொல்லிவிடுவது என்று முடிவெடுப்பேன். முப்பதில் அவர் "சரி, எடுங்க" என்பார். கண்ணாடியை எடுத்துவிட்டு ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிப்பேன்.

போன ஞாயிறு காலை அக்கரப்பத்தனை பஸ்ஸில் வைத்து, மன்னிப்புக் கேட்பவர் மாதிரி அவர் சொன்னார்.

"அடுத்த ஞாயிறு திருகோணமல கடலுக்கு வர முடியாதுங்க நிலக்ஷி. கண்டிக்குப் பொண்ணு பாக்கப் போறோம். அம்மா பேசி முடிச்ச மாதிரிதான். நான் போய்த் தலையாட்டுனாப் போதுமாம்."

நான்கு வருடமாக மனதுக்குள் எத்தனையோ வசனங்களை எழுதி அடித்துத் திருத்தி வைத்திருந்தவள் நான். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "அன்னைக்குக் கண்டியில வெளிச்சம் நல்லா இருக்குமா சேர்?"

இருக்கும் என்று நினைப்பதாக அவர் சொன்னார்.

பஸ்ஸை விட்டிறங்கித் தேயிலை மலைக்குள் இரண்டு கிலோமீட்டர் ஏறினோம். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான ஒரு லயத்துக்குப் பின்னால் அருவி விழுந்தது. சேர் லயத்து முற்றத்து ஓரமாக ஸ்டாண்டை நிறுத்தினார். மழைக்காக ஆரஞ்சு நிற மேற்சட்டை போட்டிருந்தார். குறி பார்க்க வசதியாக என்னைக் கீழே பாறைக்கு அனுப்பி, சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட என் குடையை மடக்கி நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னார். அவர் மேலேயிருந்து குனிந்து பார்த்து, இடது, வலது என்று கையைக் காட்ட, நானும் குடையோடு நகர்ந்துகொண்டிருந்தேன். எல்லாம் முடிந்து மேலே ஏறி வந்தால், லயத்துச் சனம் முழுவதும் அவரைச் சுற்றி நின்றது. ஒருவர் நாற்காலி கொண்டுவந்திருந்தார். ஒருவர் பிளேன்டீ. இன்னொருவர் தேயிலைச் செடிகளுக்கு நடுவே கம்பு நட்டு, தன் வீட்டுக்கு எது எல்லை என்று காட்டிக்கொண்டிருந்தார்.

வீடு கட்ட ஏழு பேர்ச் அளவு காணி தருவதாக அரசாங்கம் அவர்களிடம் சொல்லி வருடக்கணக்காகிறது. அளக்க வருவார்கள் என்று காத்திருக்கிறார்கள். மூன்று கால், ஆரஞ்சுச் சட்டை, தூரத்தில் கோடு போட்ட கம்போடு ஒரு உதவியாள். எங்களைக் காணி அளக்கும் சேவையர் என்று நினைத்ததில் அவர்கள் மீது ஒரு பிழையும் இல்லை.

சேர் உள்ளதைச் சொன்னார். ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி முன்னால் நின்ற காளியாயி என்ற பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அருவியவா? அது எங்கங்க போவப் போவுது. இதுக்காகவா கொழும்புலருந்து வந்தீங்க?"

"இல்லீங்க, டிக்கோயாவுலருந்து."

"அப்ப இன்னும் மோசம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. வந்தது வந்துவிட்டீர்கள், கூரையையும் வெடித்த சுவரையும் படம் எடுத்துப் பிரதேச செயலகத்தில் கொடுங்கள் என்றாள். மூன்று காலோடு யார் வந்தாலும் அவள் கேட்பாளாம். போன தடவை வந்தவர்கள் ஒரு கல்யாண ஜோடியைப் படம் பிடிக்க வந்தவர்கள். மாப்பிள்ளையிடமே கேட்டாளாம்.

சேர் எடுத்தார். லயத்துக்கு முன்னால் அத்தனை பேரையும் நிறுத்தி, கண்ணாடி இல்லாமல், ஒரே நொடியில். எனக்கு வேலையே இல்லாமல் போனது. லயத்து இலக்கத்தை நோட்டில் எழுதி, கொண்டுபோய்க் கொடுப்பேன், நடக்குமா என்று தெரியாது என்றார். அவர் அப்படித்தான், தெரியாததைத் தெரியாது என்பார்.

நான் ஸ்டாண்டைத் தோளில் தூக்கினேன். காளியாயி என்னைப் பார்த்தாள்.

"வீட்டுக்காரருங்களா?"

"இல்ல" என்றேன். "இல்லீங்க" என்று அவரும் சொன்னார்.

"அப்ப இந்தப் புள்ள எதுக்கு இதச் சொமக்குது?"

"அவங்களுக்கு இயற்கைன்னா உசுருங்க" என்றார் சேர், பெருமையோடு.

காளியாயி என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத் துணி அலசப் போய்விட்டாள். முன்பின் தெரியாத மாப்பிள்ளையிடமே வாய்விட்டுக் கேட்டவள் அவள். நானோ ஒரு சாண் தூரத்தில் நான்கு வருடம் நின்றவள்.

அருவிக்கு எதிரே மறுபடி ஸ்டாண்டை நிறுத்தினோம். நான் கண்ணாடியைப் பிடித்தேன். அவர் எண்ணத் தொடங்கினார்.

பதினெட்டில் சொன்னேன். "எனக்கு அருவி புடிக்காது சேர்."

"பத்தொம்பது... கை ஆடுது நிலக்ஷி. இருவது..."

"மலையும் புடிக்காது. கடலும் புடிக்காது."

அவர் எண்ணுவது நின்றுவிட்டது. அந்தப் படம் கெட்டுப்போனது நிச்சயம்.

"கண்டிக்குப் போகாதீங்க" என்றேன். "அடுத்த ஞாயிறு ஒங்க அம்மாவக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வாங்க. வந்து என்னையப் பொண்ணு கேளுங்க."