மப்ரூக்காவின் இருமல்

மப்ரூக்கா முப்பத்தெட்டு வயதில் பிறந்தாள். இடம், எங்கள் கரையோரப் பல்கலைக்கழகத்தின் இரண்டாம் மாடி. நேரம், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றே கால் மணி. சமூக ஆய்வு முறைகள் பற்றிப் பேராசிரியர் உஸ்தாத் முன்ஜி நடத்திய கருத்தரங்கு வரிசையில் அது நான்காவது அமர்வு. பேட்டி கொடுத்தவரை எப்படி மறைப்பது என்பது அன்றைய பாடம். "பேரை மாத்துனா மட்டும் போதாதும்மா பஹீஜா. ஊரை மாத்து, வயசை மாத்து, எந்தக் கையால எழுதுவாங்கங்கிறதைக்கூட மாத்து. ஆனா அவங்க வாயால சொன்ன சொல்லுல மட்டும் கை வைக்காதே. அது அவங்களோடது" என்றார் உஸ்தாத். மாணவி பஹீஜா அங்கேயே தன் கட்டுரையில் பேட்டி கொடுத்தவளின் விவரங்களைத் திருத்தினாள்: மப்ரூக்கா, காபிஸ் ஊர்க்காரி, முப்பத்தெட்டு வயது, விதவை, இடதுகைக்காரி, உறவென்று யாருமில்லை. புள்ளி வைத்ததும் கதவு திறந்தது. சாம்பல் நிற மேலங்கி போட்ட ஒரு பெண் வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையால் கைக்குட்டையை எடுத்து வாயில் பொத்திக்கொண்டு இருமினாள்.

கட்டுரை ஒரு தையல் ஆலையைப் பற்றியது. வேலை நேரத்தில் பெண்களை உள்ளே வைத்து வெளியே பூட்டுகிறார்கள், சோதனைக்கு வரும் அதிகாரி முதலாளி அறையில் வறுத்த மீன் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார், பேட்டி கொடுத்தவளின் நெஞ்சில் பஞ்சு இறங்கி இரண்டு வருடமாக இருமல் என்றெல்லாம் அதில் இருந்தது. இதைச் சொல்ல ஆலையில் யாரும் வாய் திறக்கவில்லை. சொந்தக்காரரைப் பேட்டி எடுக்கக் கூடாது என்ற விதியை மீறி, பஹீஜா தன் அக்கா நஜாத்தைத்தான் கேட்டிருந்தாள். நஜாத்துக்கு இரண்டு பிள்ளைகள். அந்த ஆலையில் ஒன்பது வருட வேலை. இது பஹீஜாவைத் தவிர எவருக்கும் தெரியாது. திருத்திய கட்டுரையின் பன்னிரண்டு பிரதிகள் அறையிலிருந்த பன்னிரண்டு பேரிடம் போய்ச் சேர்ந்தன.

புதிதாக வந்தவளுக்கு அந்தப் பேட்டி வரிக்கு வரி தெரிந்திருந்ததால், அவள் உளவாளி என்று அன்றே முடிவாயிற்று. "ஆவின்னா சுவரு வழியா வருவா, உளவுக்காரின்னா கதவு வழியா வருவா. இவ கதவு வழியாத்தான் வந்தா" என்றான் லமீன், வகுப்பிலேயே மூத்த மாணவன். ஒரே கேள்வியை மூன்று விதமாக, மூன்று வாரம் கேட்டுப் பார்த்தார்கள். பதில் மாறவில்லை. "பாத்தியா, நல்லாப் பயிற்சி குடுத்து அனுப்பியிருக்காங்க" என்றான். வீடு வரை பின்தொடர்ந்தார்கள். வீட்டுக்காரரோ அவள் அங்கே பதினோரு வருடமாகக் குடியிருப்பதாகச் சொன்னார். அவரையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்தார்கள். பிறகு பஹீஜாவை, பிறகு ஒருவரையொருவர். கையால் தாளை மறைத்துக்கொண்டு எழுதினார்கள். அடுத்தவர் ஊற்றிய புதினாத் தேநீரைத் தொடவில்லை. அந்தச் செவ்வாயிலிருந்து நஜாத்தின் இரண்டு வருட இருமல் நின்றுபோனதை பஹீஜா மட்டும் கவனித்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஏழாவது அமர்வுக்குத் தோல் சட்டை போட்ட ரகசியப் போலீஸ்காரர்கள் இருவர் வந்தார்கள். பன்னிரண்டில் ஒரு பிரதி அவர்கள் கையில் இருந்தது. கொடுத்தது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. அந்தப் பன்னிரண்டு பேரில் சிலர் இன்றும் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

"யாரு இந்தத் தையல்காரி?" என்றார் ஒருவர். பஹீஜா தன் பிரதியை மூடி வைத்தாள். "சொல்லாட்டியும் பரவாயில்லை. ஆலையில இருமுறவளுங்களை வரிசையா நிக்க வெச்சா ரெண்டு நாள்ல தெரிஞ்சிடும்."

"எதுக்கு அவ்ளோ சிரமம்? நான்தான்" என்று கடைசி நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

பெயர், ஊர், வயது எல்லாம் சரிபார்த்தார்கள். இடது கையால் கையெழுத்துப் போட்டுவிட்டு மப்ரூக்கா அவர்களோடு போனாள். "தங்க ஆளைத் தாங்களே கூட்டிட்டுப் போறானுங்க" என்று லமீன் முணுமுணுத்தான். அவள் சிறையில் இருப்பது உறுதியாகத் தெரிந்த பிறகும் அவன் நம்பவில்லை.

சிறைக்குச் சாப்பாட்டுக் கூடை கொண்டுபோக உறவினருக்கு மட்டுமே அனுமதி. அடைத்த மிளகாயும் ரொட்டியும் வைத்த கூடையோடு போன பஹீஜாவை, "அவளுக்கு யாரும் இல்லைன்னு பதிவுல இருக்கு, போம்மா" என்று காவலர் திருப்பி அனுப்பினார். அவள் வீட்டுக்கு வந்து கட்டுரையை எடுத்தாள். 'உறவென்று யாருமில்லை' என்பதை அடித்துவிட்டு 'ஒரு தங்கை உண்டு, பெயர் பஹீஜா' என்று எழுதினாள். அடுத்த வாரம் அதே காவலர் கடிந்துகொண்டார்: "போன வாரம் ஏம்மா வரலை? உங்கக்கா பாவம், பாத்துக்கிட்டே இருந்தா."

இரண்டாவது குளிர்காலத்தில் மப்ரூக்காவின் கைக்குட்டையில் ரத்தம் தெரிந்தது. பஹீஜா திரும்பவும் பேனாவை எடுத்தாள். 'பஞ்சு என் நெஞ்சுல எறங்கி ரெண்டு வருஷமாச்சு' என்ற வாக்கியத்தை அடித்த கணத்தில், சமையலறையில் நஜாத் இருமத் தொடங்கினாள். கையிலிருந்த தட்டு விழுந்து உடைந்தது, இருமல் நிற்கவில்லை. பஹீஜா அந்த வாக்கியத்தை எழுத்தெழுத்தாகத் திரும்ப எழுதினாள். அடுத்த சந்திப்பில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

"அழாதேடி. இனிமே அந்தச் சொல்லுல கை வைக்காதே. அது என்னோடது" என்றாள் மப்ரூக்கா.

பதினெட்டு நாள் கழித்து உடலைத் தங்கையிடம் ஒப்படைத்தார்கள். குளிப்பாட்டியவள் நஜாத். "யாருடி இவ? எனக்கு ரொம்பத் தெரிஞ்ச முகமா இருக்கே" என்று கேட்டாள். "உங்கூட ஆலையில இருந்தவதான் அக்கா" என்றாள் பஹீஜா.

கருத்தரங்கு இப்போதும் செவ்வாய்தோறும் நடக்கிறது, நடத்துவது பஹீஜா. நான்காவது அமர்வில், ஓரத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும், அடிக்குறிப்பை எங்கே போட வேண்டும் என்பவற்றோடு இன்னொரு விதியையும் மாணவர்கள் குறித்துக்கொள்கிறார்கள்: புனைபெயர் வைக்கும்போது குறைந்தது மூன்று உடன்பிறப்புகள், சிறைக்குப் பக்கத்தில் வீடு, கூடை சுமக்கப் பலமுள்ள ஒரு தாய். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. எழுதி முடித்ததும் எழுந்துபோய்க் கதவைத் திறந்து வைக்கிறார்கள்.